காணாமையும் இன்மையும்

இல்லாத ஒன்றை இல்லையென்று அறிவது எவ்வாறு என்ற வினா இந்தியத் தருக்க மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. குமாரிலபட்டரின் வழிவந்த மீமாஞ்சகர்கள், இன்மையை அறியக் காட்சிக்கும் கருதலுக்கும் வேறான தனி அளவை, அதாவது அறிவு பிறக்கும் வழி, ஒன்று உண்டு என்றனர். நையாயிகர்கள் அதனைக் காட்சியிலேயே அடக்கினர். தமிழில் மணிமேகலை அபாவம் என்ற பெயரால் அதனைப் பத்து அளவைகளுள் ஒன்றாக எண்ண, சிவஞான சித்தியார் அளவைகள் அனைத்தையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. எண்ணிக்கை பற்றிய இப்பூசலைவிடப் பயனுடையது, பல தரப்பினரும் ஒப்பிய ஒரு வரையறையாகும்: இருந்திருந்தால் புலப்பட்டிருக்க வேண்டிய சூழலில் புலப்படாதபோது மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படாவிடில் அது அங்கில்லை எனலாம், இருட்டில் அவ்வாறு கூற இயலாது. இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாத பிசாசைக் காணவில்லை என்பதோ எதையும் நிறுவாது என்பது பௌத்தத் தருக்க ஆசிரியர் தர்மகீர்த்தியின் முடிபு.

விட்டுவிட்டுச் சார்ஜ் ஏறும் மடிக்கணினிச் சார்ஜரைச் சோதிப்போர் பெரும்பாலும் இந்த இருட்டில்தான் குடம் தேடுகின்றனர். 19.5 வோல்ட், 65 வாட் சார்ஜரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால், வயருக்குள் பாதி இழைகள் அறுந்திருந்தாலும் 19.5 வோல்ட்டே காட்டும். ஏனெனில் மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே இழுப்பதில்லை, மின்னோட்டமின்றி மின்தடை அழுத்தத்தைக் குறைப்பதுமில்லை. கணினி முழு அளவாக 3.3 ஆம்பியர் இழுக்கும்போதோ, அறுந்த இடத்தில் தோன்றிய ஒரே ஒரு ஓம் தடை 3.3 வோல்ட்டை விழுங்கிவிடும். கணினியை ஓடவிட்டு, சார்ஜர் முனைக்கும் அடாப்டர் பெட்டிக்கும் அருகே வயரை வளைத்துப் பார்க்கும் கடைக்காரரின் பழக்கம், நூலறிவின்றியே பழுது புலப்படுதற்குரிய சூழலை ஆக்கித் தருகிறது. வேறொரு சார்ஜரை மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனையே. எனினும் பழுது கணினியின் சாக்கெட்டில் விரிசலுற்ற சால்டரிங்கில் இருந்தால், மாட்டும்போது நேர்ந்த அசைவே தொடர்பைச் சேர்த்துவிடும் என்பதால், பழைய சார்ஜரை மீண்டும் மாட்டிப் பழுது திரும்புகிறதா என்று காணும் வரை அச்சோதனை நிறைவடையாது.

பிசாசுக்கு ஒப்பான பழுதும் உண்டு. சில வகைச் சார்ஜர்களில் நடுவிலுள்ள மெல்லிய முள், சார்ஜர் இன்ன வகை என்ற தகவலைக் கணினிக்குச் சொல்கிறது. அந்தக் கம்பி மட்டும் அறுந்தால் கணினி ஓடும், பேட்டரியில் சார்ஜ் ஏறாது, மின்பளுவோடு, அதாவது கணினி மின்னோட்டம் இழுக்கும்போது, அளந்தாலும் வோல்ட் குறையாது. கணினியின் பயாஸ் பக்கம் காட்டும் அறிவிப்பால் இது தெரியவரலாம், சார்ஜர் தரும் வோல்ட்டை அளப்பதால் மட்டும் புலப்படாது.

ஒரு சோதனைக்குப் புலப்படாத பழுது இவ்வாறு இருக்கக்கூடும் எனில் சோதனைக்கு முடிவேது என்று கேட்கலாம். பத்தாம் நூற்றாண்டின் நையாயிகரான உதயனர், ஒருவருடைய செயலுக்கு முரணாகும் எல்லையோடு ஐயம் நின்றுவிடும் என்று விடையளித்தார். சார்ஜரை நம்பி வேலையைத் தொடங்கியவர் அதன்மேல் ஐயம் உண்டெனக் கூறுவது வாயளவே என்பது அதன் பொருள். கூரிய விடைதான், ஆயினும் அது ஐயத்தின் எல்லையையே வகுக்கிறது, பொருளின் நிலையை அன்று. மின்பளுவின்றி அளந்து கடைக்காரர் "பழுதில்லை" என்று கொடுத்த சார்ஜரை வாங்கிச் செல்பவரும் ஐயமின்றியே செல்கிறார். வயரில் அறுந்த இழைகள் அறுந்தபடியே இருக்கின்றன.