வாசல் நம்மளது, ரோடு யாருது?

எங்க தாமானில் எல்லாம் வரிசை வீடுகள். வீட்டுக்கு மூணு கார் இருக்கும். கேட்டுக்குள்ளே ஒண்ணுதான் நிற்கும். மற்றதுக்கு ரோட்டில் பூச்சட்டி, பழைய நாற்காலி வைத்து இடம் பிடிக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி பொது இடத்தில் இப்படித் தடை வைப்பது குற்றம்.

ரோடு பொது, சரி. அதுக்காக முந்தினவருக்கே இடம் என்பது நியாயமா? வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் போய்வரும் தாத்தா, நாலு வீடு தள்ளி இறங்கி நடக்கணுமா? முந்துவது உரிமையாக இருக்கலாம்; தர்மம் யாருக்குத் தேவை என்று பார்க்கும். சட்டம் பூச்சட்டியை எடுக்கச் சொல்லும், தாத்தாவுக்கு இடம் விடச் சொல்லாது. அதை நாமதான் செய்யணும். தம்பி தங்கைகளே, நமக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. காரைத் தெருக்கோடியில் விட்டுட்டு நடந்து வருவோமே.