வெக்கையை யாரிடம் கொடுப்பது?

வெயில் காலத்தில் ராத்திரி நன்றாகத் தூங்குவதில் அறம் சார்ந்த கேள்வி ஏதாவது இருக்கிறதா? என் தோழி சிரித்தாள். "தூக்கம் வரலைன்னாகூட உனக்குத் தத்துவமாடி? ஒரு ஏசி வாங்கி மாட்டு, முடிஞ்சு போச்சு." சென்னையில் கடைசி மாடியில் ஏசி இல்லாத வீட்டில் வாடகைக்கு இருப்பதால், அக்னி நட்சத்திர நாட்களில் இதையெல்லாம் யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

முதலில் உடம்பு. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். அதற்காக உடல் கை கால்களின் தோலுக்குக் கூடுதலாக ரத்தத்தை அனுப்பி, அந்த வழியாக வெப்பத்தை வெளியே விடுகிறது. தூக்கம் சொக்கும் குழந்தையின் உள்ளங்கை சூடாக இருப்பது இதனால்தான். ஆக, தூங்குவதற்கு நம்மிடமுள்ள வெப்பத்தை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியெல்லாம் அறைக்குள் இறக்கும்போது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை, வியர்வை காய உதவுகிறது, அவ்வளவுதான். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வையும் லேசில் காயாது. வேலூரில் ஜன்னலில் தொங்கவிட்ட ஈரத்துணி செய்கிற வேலையை இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஏசிக்கு முந்தைய வழிகளைப் பாருங்கள். சூட்டைப் பிடித்துவைக்கும் ஃபோம் மெத்தையை விட்டுத் தரையில் கோரைப்பாய் போடுவது. தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வெயிலைத் திருப்பி அனுப்புவது. சாயங்காலம் மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவது. கடைசியில், மொட்டை மாடியிலேயே படுத்துவிடுவது. மேகமில்லாத இரவில் மாடித் தளம் தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு அனுப்புகிறது. இந்த வழிகளில் வெப்பம் தரைக்கோ தண்ணீருக்கோ வானத்துக்கோ போகிறது. அதனால் யார் தூக்கமும் கெடுவதில்லை.

ஏசியின் கணக்கு வேறு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் அறையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்காகச் செலவாகும் சுமார் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் வெப்பமாகவே வெளியே போகிறது. அறையில் எடுத்ததைவிடத் தெருவில் கொட்டுவது அதிகம். ஒரு வீட்டில் ஓடினால் தெரியாது. பத்தடிச் சந்தில் இரண்டு பக்கமும் முப்பது வீட்டில் ஓடும்போது, எதிர் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருப்பவருக்குத் தெரியும். அவர் ஜன்னலைச் சாத்துவார். பிறகு கடன் வாங்கியாவது அவரும் ஒன்று மாட்டுவார்.

"கரன்ட் பில்லு நான்தானே கட்டுறேன்?" என்று கேட்கலாம். மின்சாரத்துக்குக் கட்டுகிறோம், சரி. வெப்பத்தைக் கொட்டிய இடத்துக்கு யாருக்கும் எதுவும் கட்டவில்லை. வாசல் கழுவிய தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளினால் தெருவே கூடிப் பஞ்சாயத்து வைக்கும். வெப்பம் கண்ணுக்குத் தெரியாததால் தப்பிக்கிறது.

இங்கேயே நிறுத்தினால், "அந்தக் காலத்துல மாடியில நட்சத்திரம் பாத்துக்கிட்டே தூங்குவோம்" வகைக் கட்டுரையாகிவிடும். அம்மாவிடம் கேட்டேன், "நீ மாடியில படுத்திருக்கியாம்மா?" "ஆம்பளைங்க படுப்பாங்க. சின்னப் பிள்ளைல தாத்தாகூடப் போயிருக்கேன். வயசுக்கு வந்தப்புறம் ஏது? உள்ள அடுப்படிக்குப் பக்கத்துல, விசிறிமட்டை வச்சுக்கிட்டுக் கிடப்போம்." மாடிக் காற்றும் திண்ணைக் காற்றும் பெரும்பாலும் ஆண்களுக்கே கிடைத்தவை. திறந்த இடத்தில் கண்ணை மூட, சுற்றியிருப்பவர்கள் மேல் நம்பிக்கை வேண்டும். பெண்களுக்கு அந்த நம்பிக்கையை ஊர் தரவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, யார் பார்வையும் படாமல், புழுங்காமல் தூங்கும் வசதியை ஏசிதான் முதலில் தந்தது. அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர் ஆகியோருக்கு அது மருந்து மாதிரி.

ஆனால் சாத்திய கதவு எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் அதை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருட்டுக்கும் வன்முறைக்கும் பயந்து கதவு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. கடையும் ஆள் நடமாட்டமுமாக இருந்த ஏழைப் பகுதிகளில் இறப்பு குறைவாக இருந்ததை அவர் காட்டினார். அதே நகரத்தில் முந்தைய தலைமுறைகள் வெக்கையான இரவுகளில் பூங்காக்களில் பாய் தலையணையோடு தூங்கியிருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பூங்காவில் கண்ணை மூடும் தைரியம் போய்விட்டது.

ஆகவே "ஏசி சரியா தப்பா" என்ற கேள்வி எனக்குப் போதவில்லை. என் வெப்பத்தை யாரிடம் கொடுக்கிறேன், அவருக்கு அதைக் கொடுக்க வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன். எதிர் வீட்டில் குழந்தைக்காக ஏசி ஓடினால் என் ஜன்னலில் கொஞ்சம் அனல் அடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பளி போர்த்திக்கொண்டு 18-ல் ஓட்டுகிறவருக்காக நான் ஏன் பொறுக்க வேண்டும்? 2020 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் தானாக 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. அதற்குக் கீழே இறக்குவது நம் விரல்தான். 27-ல் வைத்து ஃபேனையும் போட்டால் பெரும்பாலோருக்குத் தூக்கம் வரும்.

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி வீட்டு உரிமையாளரிடம். தண்ணீர்த் தொட்டி பார்க்க மட்டும் திறப்பார்கள். சென்னையில் இப்படிப் பூட்டிய மாடிகள் ஏராளம். ராத்திரியில் ஊரிலேயே குளிர்ச்சியான இடங்கள் அவை, காலியாகக் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடரில் பொது இடத்தைத் திறந்துவிடுவது வழக்கம், வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தைத் திறக்கிறோம். மாடியைத் திறப்பதற்கு ஒரு விளக்கும், ஒரு தாழ்ப்பாளும், பெண்களுக்கென ஒதுக்கிய ஒரு பக்கமும், யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத பழக்கமும் போதும். நாலாவதுதான் கஷ்டம். மற்ற மூன்றையும் இந்த வார குடியிருப்போர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.