ஃபார்வர்டு பண்ணினது என் விரல்தானே?



2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. கரண்ட் இல்ல, போன்ல 20 சதவீதம்தான் சார்ஜ். காலேஜ் குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "ஏரி உடைஞ்சிடுச்சு, முடிச்சூர் பக்கம் இருக்கிறவங்க உடனே வெளிய வந்துடுங்க." பதற்றமான குரல். யார் பேசுறாங்கன்னு நான் கேட்கல. அப்படியே ஃபேமிலி குரூப்ல தட்டிவிட்டேன்.

முடிச்சூர்லதான் என் சித்தி வீடு. மாடி வீடு, மேல ஏறி உட்கார்ந்திருந்தாலே போதும். ஆனா மெசேஜைப் பார்த்துட்டு, இருட்டுல, இடுப்பளவு தண்ணியில ஆயாவைக் கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ஆயா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சது. ஏரி உடையவே இல்ல.

"நீ அனுப்பினதாலதான்டா கிளம்பினோம்." சித்தி இதைக் கோபமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. அன்னையிலிருந்து ஒரே கேள்வி மனசுல ஓடுது. நல்ல எண்ணத்தில் செஞ்ச காரியம் பொய்யில் முடிஞ்சா, அது தப்பா?

1877-ல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதே கேள்வியை எழுப்பினார். ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, பழுது பார்க்கணும்னு அவருக்கே சந்தேகம் இருக்கு. செலவை நினைச்சு, 'இத்தனை தடவை போய் வந்த கப்பல்தானே' என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறார். முழு மனசோட நம்பியே பயணிகளை அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. நம்பிக்கை உண்மையானதுதான், ஆனால் விசாரிக்காமல் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான் என்கிறார்.

இது நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் சுத்துதுன்னு வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கிட்டிருந்த நேரம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர் பக்கம் அத்திமூருக்குப் போனது. 65 வயது அம்மா ஒருவர் அங்கே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கும்பல் கூடி அடித்ததில் அவர் இறந்தே போனார். அடித்தவர்கள் மேல் வழக்கு வந்தது. அந்த வதந்தியை அனுப்பிய விரல்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்த வழக்கும் இல்லை. அவங்கள்ல பலர் 'ஜாக்கிரதையா இருக்கட்டுமே'ன்னு நல்ல எண்ணத்தில் அனுப்பினவங்கதான்.

கம்பெனி பார்த்துக்கக் கூடாதான்னு கேட்கலாம். நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020-ல், பல கை மாறி வந்த மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்னு இன்னும் இறுக்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் மெசேஜ் பூட்டப்பட்டே போகுது, உள்ளே என்ன இருக்குன்னு வழியில் யாராலும் படிக்க முடியாது. நம்ம ரகசியத்தைக் காக்கிற அதே பூட்டு பொய்யையும் காக்குது. அதனால கடைசி சோதனைச்சாவடி நாமதான்.

இப்போ இதில் ஏஐ சேர்ந்திருக்கு. 2023 செப்டம்பர் 30-ல் ஸ்லோவாக்கியா நாட்டில் தேர்தல். இரண்டு நாள் முன்னாடி ஒரு ஆடியோ பரவியது. ஒரு கட்சியின் தலைவர் மிகல் ஷிமெச்காவும் ஒரு பத்திரிகையாளரும் ஓட்டை விலைக்கு வாங்கப் பேசுவது போல இருந்தது. போலி என்று இருவரும் மறுத்தார்கள். ஆனால் அங்கே வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரத்துக்குத் தடை. பொய் ஓடிக்கிட்டே இருக்க, பதில் சொல்ல வேண்டியவங்க வாய் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்சி இரண்டாவதாக வந்தது. ஆடியோவால்தான் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போட்டார்கள் என்பதை இனி யாராலும் எண்ணிப் பார்க்கவும் முடியாது.

நம் தேர்தல் ஆணையமும் 2024 மே மாதம், போலி வீடியோ கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்கணும்னு உத்தரவிட்டது. ஃபேமிலி குரூப்புக்கு 3 மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி, இல்லையா?

சரி, எதையுமே நம்பாம இருந்துட்டா? அது இன்னொரு குழி. எல்லாமே போலியா இருக்கலாம்னு ஆயிட்டா, நிஜமாகவே லஞ்சம் வாங்கி மாட்டினவனும் "அது ஏஐ" என்று சொல்லித் தப்பிச்சுடுவான். குடிமக்கள் எதையாவது நம்பித்தான் ஓட்டுப் போடணும். எதையும் நம்பாத ஊரில் திருடனுக்குத்தான் லாபம்.

இன்னொரு நியாயமான கேள்வியும் இருக்கு. வெள்ளத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண முடியுமா? ஏரி நிஜமாகவே உடைஞ்சிருந்தா? கப்பல் முதலாளிக்கு நேரம் இருந்தது, எனக்கு இல்ல. உண்மைதான். ஆனா ஒரு வரி டைப் பண்ண நேரம் இருந்ததே! "யாரோ அனுப்பினது, நிஜமான்னு தெரியல, முதல்ல மாடிக்குப் போங்க." அவசரத்தில் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதும் உதவிதான்.

ஏன்னா ஃபார்வர்டு பண்றது தபால்காரர் வேலை மாதிரி இல்ல. அது சாட்சி சொல்றது. சித்தி நம்பினது அந்தக் குரலை இல்ல, என்னை. முன்னாடி குரலும் முகமுமே பாதி சாட்சி. இப்போ அதை மெஷினே செய்யுது. மிச்சம் இருக்கிறது அனுப்புறவனோட பேர் மட்டும்தான். 'இதை 11 பேருக்கு அனுப்புங்க, நல்ல சேதி வரும்'னு சாமி படத்தோட வர்றதைப் படிக்காம தள்ளித் தள்ளியே அந்தப் பேரை நாம மலிவாக்கிட்டோம்.

ஆயா இப்போ வாக்கர் வச்சுத்தான் நடக்கிறாங்க. போன மாசம் ஒரு வீடியோவைக் காட்டி, "இது நெசமாப்பா? நீ சொன்னா சரியா இருக்கும்"னு கேட்டாங்க. ரெண்டு நிமிஷம் தேடிப் பார்த்துட்டு, "தெரியல ஆயா"ன்னு சொன்னேன்.

பதிவு பிடிச்சிருந்தா பகிருங்க நண்பர்களே. ஆனா முழுசா படிச்சுட்டு.