கேலாங் என்னும் பெயரும் பாலாலயமும்

உறுப்புகள் எல்லாம் மாறிய பின்னும் ஒரு பொருளை அதே பொருள் என்று சொல்லலாமா என்ற வினாவை வைத்து நையாயிகரும் பௌத்தரும் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். தேர், குடம், ஆடை ஆகியவையே அன்று அவர்களுக்குக் கைகொடுத்த எடுத்துக்காட்டுகள். அவ்வாதத்தை இன்று சிங்கப்பூரில் தொடர விரும்புவோருக்குக் கேலாங் என்னும் வட்டாரப் பெயரோடு பிணைந்த இரண்டு நிறுவனங்கள் போதும். ஒன்று கேலாங்கை விட்டு வெளியே ஆடும் காற்பந்துக் குழு. மற்றொன்று வெளியிலிருந்து கேலாங்குக்கு வந்து சேர்ந்த சிவன் கோயில்.

1970களில் கேலாங் இன்டர்நேஷனல் என்ற பெயரில் கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் தொடங்கிய அக்குழு, 1988 முதல் 1993 வரை தொடர்ந்து ஆறு முறை உள்நாட்டு லீக் பட்டத்தை வென்றது. 1994இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அதன் பின் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, 1996இல் எஸ் லீக் என்னும் தொழில்முறைப் போட்டியைத் தொடங்கியது. குழுவும் கேலாங் யுனைடெட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, பிடோக் விளையாட்டரங்கில் ஆடி, அவ்வாண்டின் முதல் பட்டத்தையே கைப்பற்றியது. ஈரானின் ஹமீத் ரேசா எஸ்திலி அன்று அதன் பச்சைச் சீருடையில் ஆடியவர். 2001இல் மீண்டும் பட்டம் வந்தது. 2013இல் பழைய பெயர் திரும்பியது. பின்னர் சொந்த அரங்கும் மாறி, ஆட்டங்கள் நம் தெம்பனிஸ் நடுவத்துக்குச் சென்றன. ஆட்டக்காரர், பயிற்றுநர், திடல், போட்டியின் பெயர் என எதுவும் முன்பிருந்ததாக இல்லை. குழுவின் பெயரில் உள்ள கேலாங்கோ அது ஆடும் இடத்தையும் குறிக்கவில்லை.

நியாய வைசேஷிகர் முழுப்பொருளை அவயவி என்பர். உறுப்புகளில் தங்கியிருந்தாலும் அவற்றின் வெறும் தொகுதியாக இல்லாமல் தனக்கென ஓர் இருப்பு உடையது என்பது அதன் பொருள். குழு என்பது பதினொருவரின் கூட்டல் அன்று, அதற்கு மேலான ஒன்று என்று உணரும் ஆதரவாளருக்கு இக்கொள்கை முதலில் இனிக்கும். ஆனால் உறுப்பு ஒன்று நீங்கினால் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுகிறது என்றும் அவர்களே கூறுவதால், ஓர் ஆட்டக்காரர் வேறு குழுவுக்கு மாறிய மறுநாளே புதிய குழு பிறந்துவிட்டது என்று கொள்ள வேண்டியிருக்கும். ‘இது அதுவே’ என்று மீண்டும் அறிந்துகொள்ளும் அறிவாகிய பிரத்தியபிக்ஞையைச் சான்றாகக் காட்டலாம் எனில், வெட்டியபின் வளர்ந்த முடியையும் பழைய முடி என்றே கண் கருதுகிறது என்ற மறுப்பு காத்திருக்கிறது. பௌத்தரோ நிலைத்த பொருள் என்பதையே ஏற்பதில்லை. கணந்தோறும் அழிந்து, அழியும் கணம் அடுத்த கணத்துக்குக் காரணமாகத் தொடரும் ஓட்டத்தைச் சந்தானம் என்று அவர்கள் அழைத்தனர். பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரின் அச்சையும் சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் சுட்டி, இவற்றில் தேர் எது என்று வினவியது உறுப்புகளுக்கு அப்பால் தேர் என்ற தனிப்பொருள் இல்லை என்று நிறுவவே. குழுவின் வரலாற்றுக்குச் சந்தானக் கொள்கை நன்றாகவே பொருந்துகிறது. ஆயினும் ஓட்டம் எங்கே அறுந்தது, இரண்டாகக் கிளைத்தால் எது வாரிசு என்று தீர்ப்புச் சொல்ல இக்கொள்கையிடம் எளிய அளவுகோல் இல்லை.

அந்த இடர்ப்பாட்டை அமெரிக்க உள்ளரங்கக் காற்பந்து வெளிப்படையாகவே காட்டுகிறது. பனிவளைகோல் பந்தாட்டத்தில் உள்ளதுபோல் திடலைச் சுற்றிப் பலகைச் சுவர் எழுப்பி, அதில் மோதித் திரும்பும் பந்தையும் ஆட்டத்தில் சேர்த்து, பக்கத்துக்கு அறுவராக ஆடும் விளையாட்டு அது. 1978இல் ஹூஸ்டன் நகரில் தோன்றிய ஒரு குழு 1980இல் பால்டிமோருக்குப் பெயர்ந்து பால்டிமோர் பிளாஸ்ட் ஆயிற்று. 1984இல் பட்டம் வென்றது. 1992இல் அது ஆடிய லீக் கலைந்ததும் தானும் மறைந்தது. அவ்வாண்டே அந்நகரில் பழைய பயிற்றுநர் கென்னி கூப்பரோடு பால்டிமோர் ஸ்பிரிட் என்ற புதுக்குழு எழுந்தது. 1998இல் பழைய பிளாஸ்டின் உரிமையாளராக இருந்தவரே அதை வாங்கிப் பிளாஸ்ட் என்று மீண்டும் பெயரிட்டார். பெயரை அளவுகோலாகக் கொண்டால் குழு ஆறாண்டு இறந்திருந்து உயிர்த்தது. ஆட்களைக் கொண்டால் அது இறக்கவே இல்லை. சட்டத்தைக் கொண்டால் இவை இருவேறு குழுக்கள்.

சமய மரபு இவ்வினாவை ஏட்டில் மட்டும் விட்டுவைக்காமல் சடங்கிலும் எதிர்கொண்டது. ஸ்ரீ சிவன் கோயிலின் தொடக்கம் பொத்தோங் பாசிரில்; 19ஆம் நூற்றாண்டிலேயே அது டோபி காட் அருகே ஆர்ச்சர்ட் சாலைக்கு இடம் மாறியது. பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் அவ்விடமும் கைவிட்டுப் போகவே, சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலை ஒட்டிய தற்காலிக இடத்தில் பத்தாண்டு இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் எண்கோண அமைப்புடன் எழுந்த புதுக்கோயிலில் குடமுழுக்குக் கண்டது. சுவர் அதுவன்று, மண்ணும் அதுவன்று. எனினும் அது வேறு கோயில் என்று அடியார் எவரும் கருதுவதில்லை.

அவர்கள் அவ்வாறு கருதாமைக்குப் பின்னால் நிற்பது பாலாலயம் முதலிய சடங்குகளை வகுத்த ஆகம முறை. பாலாலயம் என்பது திருப்பணிக் காலத்துச் சிறு கோயில். மூலவரையும் நீர் நிறைந்த கும்பத்தையும் தர்ப்பைக் கயிற்றால் இணைத்து, மூர்த்தியின் தெய்வ ஆற்றலாகிய கலைகளைக் கும்பத்துக்கு ஈர்ப்பது கலாகர்ஷணம். அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு அக்கலைகளை மாற்றி, பணி முடியும்வரை நாள் தவறாமல் பூசை நடத்தி, குடமுழுக்கில் மூலவரிடமே திரும்பச் சேர்ப்பர். எங்கும் நிறைந்த இறைவன் கயிற்றின் வழியே இடம்பெயர்வானா என்று கேட்போருக்குச் சைவ சித்தாந்தம் தெளிவாகவே விடை கூறும்: பெயர்வது இறைவன் அன்று, அவ்விடத்தில் அவன் விளங்கித் தோன்றும் சாந்நித்தியமே. இம்முறையில் ஒருமையைக் காப்பது கல்லோ பெயரோ அன்று. தருவதற்கும் ஏற்பதற்கும் உரிமையுடையோர் அறிந்து செய்யும் ஒப்படைப்பும், அதன் நடுவே விட்டுப்போகாத அன்றாட வழிபாடுமே.

காற்பந்துக் குழுவுக்குச் சாந்நித்தியம் உண்டு என்று சொல்வது மிகை; சட்டையின் சின்னத்தை முத்தமிடும் ஆட்டக்காரரே அடுத்த பருவத்தில் வேறு சின்னத்தை முத்தமிடுவார். ஆயினும் ஒப்படைப்பு, இடையறாமை என்ற இரு அளவுகோல்களை இங்கும் கடன் வாங்கலாம். அவற்றின்படி பால்டிமோரில் 1992இல் ஒப்படைப்பவரே இல்லாமல் போயினர். பயிற்றுநர் வந்து சேர்ந்தது மட்டும் அக்குறையை நிரப்பாது. 1998இல் திரும்பியது பெயரும் பழைய உரிமையாளரும் மட்டுமே. கேலாங் குழுவோ யுனைடெட் ஆனபோதும் பழைய பெயருக்குத் திரும்பியபோதும் கலைக்கப்படாமல், அதன் பொறுப்பு ஒரு நிர்வாகத்திடமிருந்து அடுத்ததற்குக் கைமாறியே வந்துள்ளது. ஆகையால் 1996இல் பட்டம் வென்ற குழுவும் இன்று தெம்பனிஸில் ஆடும் குழுவும் ஒன்றே. இன்று கேலாங்கில் ஆடாதது அதற்குக் குறையாகாது.