கொடையும் கொலைப்பங்கும்

புற்றுநோயாராய்ச்சிக்குப் பொருளீதல் அறமாமோ, கொலைக்குத் துணையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அமெரிக்க நாட்டு மெயின் மாகாணத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில், 1929-ஆம் ஆண்டு கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் அறிஞர், மோட்டார்த் தொழிற் செல்வராகிய எட்செல் போர்டு, ராஸ்கோ ஜாக்சன் ஆகியோர் குடும்பத்தாரின் பொருளுதவி கொண்டு ஆராய்ச்சி நிலையமொன்று நிறுவினார். அது ஜாக்சன் பெயரால் வழங்குகின்றது. உடன்பிறந்த எலிகளையே இருபது தலைமுறைக்குமேல் இணைத்து வளர்ப்பின் அவை மரபியல்பில் ஏறக்குறைய ஒரே தன்மையவாம்; ஆகவே, அவற்றுட் புற்றுத் தோன்றுதற்குரிய காரணந் துணிதல் எளிதாம். அவ்வாராய்ச்சியில் எலிகள் நோயுற்று மடிதல் தவிர்க்கலாகாததாயிற்று.

நோய் பிராரத்தப் பயனாகலின் மருந்து தேடல் வீண் என்பாருமுளர். அது பொருந்தாது, நோயைக் கூட்டும் வினையே மருந்தையுங் கூட்டுமாகலின்.

இனி, எலியும் மலத்தாற் பிணிப்புண்டு வினைக்கீடாக உடலெடுத்த ஆன்மாவேயாம். கொன்றானேயன்றிக் கொல்வித்தானும் உடன்பட்டானும் அவ்வினையிற் பங்குடையராவர். ஆதலின், பொருளீந்தோன் 'யான் கொன்றிலேன்' எனக் கூறி நீங்குதல் கூடாது.

அற்றேல், ஈயாதொழிதல் நன்றெனின், அன்று. நோயாளர் துயர்கண்டும் வாளாவிருத்தல் அருளுடைமையாகாது. ஈயாதானும் பின்னர் அம்மருந்தை உண்ணுங்கால் அப்பங்கினின்றும் நீங்கான்.

நல்வினை தீவினையை விழுங்காது. இரண்டும் வெவ்வேறு பயனளிக்கும். ஆகவே ஈவோன் கடமை ஈதலோடு முடிவதன்று. உயிர்க்கு மாற்றுக் காணல், எண்ணைக் குறைத்தல், துன்பந் தணித்தல் என 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகள் வகுத்தனர். அவை வழுவாது நடத்தல்வேண்டுமென வலியுறுத்தியே பொருளீதல் வேண்டும். இரு திறத்துயிர்க்கும் இரங்குங் கொடையே சிவபுண்ணியத்திற்கு அணுக்கமாவதென்க.