நடுவில் நிற்கும் குரல்

ஆனி, முதல் சாரல்

ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வந்துவிட்டது. தென்காசி வீட்டுப் பரணிலிருந்து மாமாவின் செட்டை இறக்கினேன். 1984-இல் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அவர் போனபின் யாரும் தொடவில்லை. பெரிய ஸ்டீரியோ செட்டின் கேசட் டெக், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் சுருக்கி ஒரு கைப்பிடிக்குள் அடக்கிய ஜப்பான் பெட்டி. இரு ஓரத்து ஸ்பீக்கர்களையும் கழற்றித் தள்ளி வைக்கலாம். கரண்டு போனால் எட்டுப் பெரிய பேட்டரி.

மறுநாள்

உள்ளே ரப்பர் பெல்ட் தாராக உருகிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துப் புது பெல்ட் போட்டேன். பாட்டு சுருதி ஏறி ஓடியது. மோட்டாரின் பின்புறத் துளையில் திருப்புளியை விட்டு மயிரிழை திருப்பியதும் பழகிய குரல் திரும்பியது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை வெளியிட்டபோது வைத்த வேகம் அது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஒலித்தடங்கள்: இடப்பெட்டிக்கு ஒன்று, வலப்பெட்டிக்கு ஒன்று.

அன்று இரவு

“மருமவனே, ரெண்டு பொட்டியும் ஒனக்கு ஒரே தூரத்துல இருக்கணும்டே” என்பார் மாமா. தரையில் சாக்கட்டியால் குறி போட்டு அதில் என்னை உட்காரவைப்பார். ஸ்டீரியோவில் பதிவான ‘பிரியா’ (1978) பாடல்களைப் போடுவார். கண்ணை மூடினால் பாடுகிறவர் எந்தப் பெட்டியிலும் இல்லை. நடுவே, வெறுஞ்சுவர் முன்னால் நின்றார். ஒரே குரல் இரு பக்கமிருந்தும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்து சேரும்போது மனம் நடுவில் ஒருவரை நிறுத்திக்கொள்கிறது. ஒரு முழம் நகர்ந்தால் அவர் பக்கத்துப் பெட்டிக்குள் ஒதுங்கிவிடுவார்.

குற்றாலம்

பேரருவியில் குளித்துவிட்டுச் சித்திர சபைக்குப் போனேன். சிதம்பரத்திலும் நெல்லையிலும் திருமேனியாக ஆடுகிற இறைவன் இங்கே ஓவியமாக ஆடுகிறார். கோடும் வண்ணமும்தான். கைகள் தாமாகக் கூடின. அந்த வெறுஞ்சுவர் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு

இத்தனை வருஷம் கழித்து ஒன்று புலப்பட்டது. சாக்கட்டிக் குறியில் ஒருவர்தான் உட்கார முடியும். மாமா எப்போதும் இடப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி, தூணில் சாய்ந்திருப்பார். வெயிலில் உழைத்து வாங்கிய செட்டின் நடுக்குரலை அவர் கேட்ட இரவுகள் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும்.

சீசனுக்குக் குளிக்க வந்த தங்கை மகனைக் குறியில் உட்காரவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கையை நீட்டி, ஒன்றுமில்லாத நடுவிடத்தைக் காட்டினான்.

“மாமா, அங்க நின்னு பாடுறாங்க.”

“ஆமாடே” என்றேன். தூணில் சாய்ந்திருந்த எனக்கு இடப்பெட்டியிலிருந்துதான் கேட்டது.