கயிறு அறுந்த பிறகு

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில், நளன் குளத்தில் முங்கி எழுபவர் சனி விலக வேண்டிக்கொள்கிறார்; ஊர் திரும்பியதும் வேலைக்கு மனுவும் போடுகிறார். ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினைக்கு ஓர் அதிகாரம் என வள்ளுவரும் இரண்டையும் விடவில்லை.

இரண்டும் சேர்ந்தே வந்த ஓர் இரவு உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் 5 இரவு, அசாமின் லாலாகாட்டிலிருந்து பர்மாவுக்குக் கிளம்பிய வாக்கோ கிளைடர்களுக்கு எஞ்சின் கிடையாது. ஒவ்வொரு டகோட்டா விமானமும் அவற்றை இரண்டிரண்டாக நைலான் கயிற்றில் இழுத்துப் போனது. சில கயிறுகள் நடுவானில் அறுந்தன. கிளைடர் விமானிக்கு இறங்க ஒரே வாய்ப்பு. தவறினால் மறுசுற்று இல்லை.

அவை இறங்க வேண்டிய இடம், பர்மாவில் 'பிராட்வே' என்று பெயரிட்ட ஒரு வெட்டவெளி. அங்கே புல்லுக்கடியில் தேக்கு மரங்களை இழுத்த தடங்கள். முதலில் இறங்கியவை அவற்றில் சிக்கின. பின்னால் வந்தவை, சிக்கி நின்ற கிளைடர்கள்மேல் மோதின. மரம் இழுத்தவர்களுக்கு இந்த விமானிகள்மேல் பகையா என்ன? விதி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வானிலிருந்து பார்த்த கண்ணுக்குப் புல் மட்டுமே தெரிந்தது.

உயிரோடு இருந்தவர்கள் மண்ணைச் சமன்செய்தார்கள். மறுநாள் இரவே டகோட்டாக்கள் அங்கே இறங்கின.